பேரன் கையில் ஊசி, பாட்டிக்குக் காப்பு: குளிர்காலத் தடுப்பூசித் திட்டங்கள் கடந்துவந்த பாதை

குளிர்காலக் காய்ச்சலுக்கு முன்பாக யாருக்குத் தடுப்பூசி போடுவது என்று கேட்டால், இன்று பெரும்பாலான நாடுகள் ஏறக்குறைய ஒரே பட்டியலைத் தருகின்றன: 65 வயது கடந்தவர்கள், கர்ப்பிணிகள், இதயநோய், சர்க்கரைநோய், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள், மருத்துவமனை ஊழியர்கள். பார்த்தவுடன் நியாயமாகத் தோன்றும் இப்பட்டியலுக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இன்ஃபுளுவென்சா யார் உயிரைப் பறிக்கிறது என்பது ஒன்று. அதை வீட்டுக்குள் கொண்டுவருபவர் யார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடையே இரண்டாவதற்கும் போதும் என்று திட்டமிட்டதில் நேர்ந்த இழப்பை ஜப்பானின் அனுபவம் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை என்பது என் துணிபு.

இந்த வரலாறு 1957ஆம் ஆண்டின் 'ஆசியக் காய்ச்சலில்' தொடங்குகிறது. சீனத்தில் தலைகாட்டிய புதிய வைரஸ் ஏப்ரலில் ஹாங்காங்கை அடைந்தது. மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் பயணிகளோடு இந்தியாவிலும் கால்வைத்தது. பெருந்தொற்று ஓய்ந்தபின் அமெரிக்காவும் ஜப்பானும் ஒரே நோயிலிருந்து இருவேறு பாடங்களைப் படித்தன. இறந்தவர்களின் கணக்கைப் பார்த்த அமெரிக்கா, 1960இல் நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி (சர்ஜன் ஜெனரல்) லெராய் பர்னி வாயிலாக முதியோர், நாட்பட்ட நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோர் ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொள்ளப் பரிந்துரைத்தது. 'நலிந்த பிரிவினர்' என்ற கருத்து தடுப்பூசிக் கொள்கையில் வேர்பிடித்தது அப்போதுதான். ஜப்பானோ நோய் பரவிய வழியைப் பார்த்தது. வகுப்பறைகள் காலியாகி, பள்ளிகள் மூடப்பட்டதைக் கண்ட அந்நாடு, 1962இல் பள்ளிக் குழந்தைகளைத் தடுப்பூசித் திட்டத்தின் மையத்தில் வைத்தது. 1976இல் தடுப்பூசிச் சட்டத்தைத் திருத்தி அதைக் கட்டாயமாக்கியது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் குழந்தைகள் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நின்றார்கள். கட்டாயம் நிலவிய ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஊசி போய்ச் சேர்ந்தது.

அந்த வரிசைக்கு ஒரு துயர முகமும் உண்டு. ஒரே சிரிஞ்சால் பல குழந்தைகளுக்கு ஊசி போடும் வழக்கம் இருந்ததால், 1948 முதல் 1988 வரை நடந்த பல்வகைக் கூட்டுத் தடுப்பூசி முகாம்களில் ஹெபடைடிஸ் பி தொற்றியவர்கள் ஏராளம். அரசின் பொறுப்பை ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2006இல்தான் உறுதிசெய்தது. பின்னாளில் பெற்றோரிடம் எழுந்த அவநம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

திருப்பம் வந்தது குன்மா மாநிலத்தின் மாயெபாஷி நகரில். 1979 இறுதியில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தை ஒன்றுக்கு வலிப்பு வர, நகர மருத்துவர் சங்கம் பள்ளி முகாம்களை நிறுத்தியது. நிறுத்தியதோடு விடாமல் ஓர் ஆய்வையும் மேற்கொண்டது. ஊசி போடாத மாயெபாஷி, அன்னாகா நகரங்களை ஊசி போட்டுவந்த தக்காசாக்கி, கிரியு, இசெசாக்கி நகரங்களோடு ஐந்தாண்டுகள் ஒப்பிட்டது. காய்ச்சலால் பள்ளிக்கு வராத குழந்தைகளின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1987இல் வெளியான அறிக்கை கூறியது. இது நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில் பெற்றோர் மறுக்கலாம் என்று விதி தளர்ந்தது. 1994இல் சட்டத்திலிருந்தே இன்ஃபுளுவென்சா நீக்கப்பட்டது. தடுப்பூசிப் பயன்பாடு ஏறத்தாழ அற்றுப்போனது.

மாயெபாஷி மருத்துவர்கள் நேர்மையாக உழைத்தவர்கள். ஆனால் அவர்கள் எண்ணியது பள்ளி வருகைப் பதிவேட்டை மட்டும்தான். அந்தக் குழந்தைகளின் வீட்டில் இருந்த தாத்தா பாட்டிகளை யாரும் எண்ணவில்லை. மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பங்கள் அன்றைய ஜப்பானில் நிறைய. பள்ளியிலிருந்து திரும்பும் பேரன் மடியில் வந்து உட்காரும் வீடு அது. வைரஸுக்கு அதைவிடக் குறுகிய பாதை ஏது?

எண்ணியவர்கள் பின்னால் வந்தார்கள். தாமஸ் ரைக்கர்ட்டும் அவருடைய ஜப்பானிய, அமெரிக்க உடனாய்வாளர்களும் 1949 முதல் 1998 வரை இரு நாடுகளிலும் நேர்ந்த குளிர்கால மிகை மரணங்களை, அதாவது வழக்கமான அளவைத் தாண்டிய இறப்புகளை, ஒப்பிட்டு, 2001இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டனர். அமெரிக்காவைப்போல் மூன்று நான்கு மடங்காக இருந்த ஜப்பானின் மிகை இறப்பு வீதம், பள்ளித் தடுப்பூசி நடந்த ஆண்டுகளில் அமெரிக்க அளவுக்கு இறங்கியது. திட்டம் நின்றபின் மீண்டும் ஏறியது. ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள் தவிர்க்கப்பட்டன என்பது அவர்கள் மதிப்பீடு: ஏறத்தாழ 420 குழந்தைகளுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர்.

இந்த எண்ணை அப்படியே ஏற்பதற்கில்லை. அதே பத்தாண்டுகளில் ஜப்பானில் வருமானமும் மருத்துவ வசதியும் வேகமாக உயர்ந்தன. இறப்பு குறைந்ததில் அவற்றுக்கும் பங்குண்டு. இத்தகைய மாற்றங்களைக் கழித்துப் பார்த்த 2011ஆம் ஆண்டின் மறு ஆய்வு ஒன்று, முதியோரின் நிமோனியா, இன்ஃபுளுவென்சா மிகை இறப்பு சுமார் 36 சதவீதம் குறைந்ததாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 முதியோர் உயிர் காக்கப்பட்டதாகவும் கணித்தது. இரு மதிப்பீடுகளுக்கும் இடையிலான தூரம் பெரிது. திசை மட்டும் மாறவில்லை. குழந்தைகளின் கையில் போட்ட ஊசி முதியோரைக் காத்தது.

1990களின் பிற்பகுதியில் முதியோர் இல்லங்களில் நேர்ந்த மரணங்கள் செய்தியானபோது ஜப்பான் விழித்துக்கொண்டு, 2001இல் சட்டத்தைத் திருத்தியது. இம்முறை 65 வயது கடந்தவர்களும், கடும் இணைநோய் உள்ள 60 முதல் 64 வயதினரும் பட்டியலில் இடம்பெற்றனர், கட்டாயம் இல்லை. அதாவது 1960இன் அமெரிக்கப் பாதைக்கு 40 ஆண்டு கழித்து ஜப்பான் வந்துசேர்ந்தது.

அந்தப் பாதையிலும் ஒரு குறை உண்டு. வயது ஏற ஏற நோயெதிர்ப்பு ஆற்றல் தளர்கிறது; யாருக்குப் பாதுகாப்பு மிகத் தேவையோ அவர் உடலில் தடுப்பூசி குறைவாகவே வேலை செய்கிறது. வீரியம் கூட்டிய ஊசிகளும் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசிகளும் பின்னர் வந்தது இதனால்தான். இன்னொரு வழி, முதியோரைச் சுற்றியுள்ளவர்களுக்கு ஊசி போடுவது. ஸ்காட்லாந்தில் முதியோர் நெடுநாள் தங்கிச் சிகிச்சை பெறும் 20 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2000இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஊழியர்களுக்குத் தடுப்பூசி வழங்கிய இடங்களில் நோயாளிகளின் இறப்பு 13.6 சதவீதம், வழங்காத இடங்களில் 22.4. உயிர்பறிக்காத தொற்று நோயாளிகளிடையே குறைந்ததாகக் காணப்படாததால் இம்முடிவு பற்றிய விவாதம் தொடர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

பிரிட்டன் இரு வழிகளையும் இணைத்தது. 1998இல் 75 வயது கடந்த அனைவரையும், 2000இல் 65 கடந்தவர்களையும் சேர்த்துக்கொண்ட அந்நாடு, 2013இல் குழந்தைகளிடம் திரும்பியது: இரண்டு, மூன்று வயதினருக்கும், சோதனைப் பகுதிகளில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கும். ஊசிக்குப் பதில் மூக்கில் தெளிக்கும் மருந்து. சோதனைப் பகுதிகளில் பெரியவர்கள் காய்ச்சலென்று மருத்துவரிடம் போவதும் குறைந்தது. ஜப்பான் அறியாமலே பெற்று, அறியாமலே இழந்த பலனை பிரிட்டன் தெரிந்தே நாடியது என்று இதைச் சொல்லலாம்.

யாருக்கு என்பது தீர்ந்தாலும் எப்போது என்பது மீதமிருக்கிறது. வடகோளத்துக்கான வைரஸ் ரகங்களை உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு பிப்ரவரியிலும் தேர்கிறது, கோழிமுட்டைகளில் வளர்த்து மருந்தாக்க ஏறத்தாழ ஆறு மாதம், செப்டம்பரில் விநியோகம். இது லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் பொருந்தும் நாட்காட்டி. நம் நாட்டில் ஸ்ரீநகருக்குக் குளிர்காலத்தில் வரும் காய்ச்சல், டெல்லிக்கு மழைக்காலத்தில் வருகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் உச்சம் தொடுகிறது. ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரமாகும். ஆகவே சென்னையில் இத்திட்டத்தை வகுப்பவர்கள் மார்கழிப் பனிக்குக் காத்திராமல் ஐப்பசி மழைக்கு முன்பே முடிக்கவேண்டும்; பாட்டியின் பெயரைப் பதிவுசெய்யும்போதே, அவரோடு அந்த வீட்டில் உறங்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.