கணப்புச் சட்டியில் வந்த இளவரசன்

சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டது 1688 செப்டம்பர் 29 அன்று. அதற்கான சாசனம் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் கொடுக்கப்பட்டது. வேறு எதையோ தேடும்போது இது கண்ணில் பட்டது. அதைவிட ஆச்சரியம், மாநகராட்சி தொடங்கி மூன்று மாதம் முடியறதுக்குள்ளேயே அந்த மன்னர் நாட்டை விட்டு ஓடிவிட்டார். ஏன் என்று தோண்ட ஆரம்பித்தேன். வந்து நின்ற இடம் ஒரு குழந்தையின் தொட்டில்.

கதைச் சுருக்கம் இதுதான். ஜேம்ஸ் கத்தோலிக்கர். நாடோ பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். அவர் அரசராகவே கூடாது என்று 1679 முதல் 1681 வரை நாடாளுமன்றத்தில் மசோதா மேல் மசோதா கொண்டுவந்தார்கள். அண்ணன் இரண்டாம் சார்லஸ் நாடாளுமன்றத்தையே கலைத்துத் தம்பியைக் காப்பாற்றினார். 1685இல் ஜேம்ஸ் முடிசூடினார். அதே வருஷம் சார்லஸின் முறைப்படி பிறக்காத மகன் மன்மத் பிரபு, "நான்தான் புராட்டஸ்டன்ட் வாரிசு" என்று படை திரட்டி வந்து, தோற்று, தலையை இழந்தார்.

இவ்வளவுக்கும் பிறகு மக்கள் ஏன் ஜேம்ஸைப் பொறுத்துக்கொண்டார்கள்? அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாரிசுகளான மேரி, ஆன் என்ற இரண்டு மகள்களும் புராட்டஸ்டன்ட்டாக வளர்ந்தவர்கள். மேரியின் கணவர் நெதர்லாந்தின் வில்லியம். "கொஞ்ச காலம்தானே, பல்லைக் கடிச்சிட்டு இருப்போம்" என்ற கணக்கு.

1688 ஜூன் 10 அன்று அந்தக் கணக்கு தப்பானது. ஜேம்ஸின் இரண்டாவது மனைவி, கத்தோலிக்கரான மேரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆண் வாரிசு என்பதால் அக்காக்களை முந்திவிடுவான். கத்தோலிக்க வம்சம் தொடரும்.

உடனே வதந்தி பரவியது. அது அரசியின் குழந்தையே இல்லையாம். மெத்தையைச் சூடாக்க நெருப்புத் துண்டுகள் போட்டு வைக்கும், நீளக் கைப்பிடி வைத்த கணப்புச் சட்டிக்குள் யாரோ பெற்ற பிள்ளையை ஒளித்துக் கொண்டுவந்து போட்டுவிட்டார்களாம்! இத்தனைக்கும் பிரசவ அறையில் அரசவையினர் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஆன் மட்டும் அன்று ஊரில் இல்லை. ஆனால் சந்தேகப்பட்டு அக்காவுக்குக் கடிதம் எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

ஜேம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அக்டோபரில் சபையைக் கூட்டி, பிரசவத்தைப் பார்த்த சுமார் 40 பேரிடம் சாட்சி வாங்கி, அச்சடித்தே வெளியிட்டார். ஒரு அரசி தன் பிரசவத்தின் அந்தரங்கம் முழுவதையும் ஊர் முன்னால் வைக்க வேண்டி வந்தது. பலனில்லை. நவம்பர் 5இல் வில்லியம் படையோடு வந்து இறங்கினார். ஜேம்ஸின் தளபதிகளே கட்சி மாறினார்கள். டிசம்பரில் அவர் பிரான்சுக்குத் தப்பினார். நாடாளுமன்றம், அவர் பதவி துறந்துவிட்டார் என்று தீர்மானித்து, வில்லியமையும் மேரியையும் அரியணையில் அமர்த்தியது.

எங்கள் வேலையில் ஒரு பிழை என்றால் பதிவுகளை எடுத்துக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும். இங்கே 40 பேர் சாட்சி சொல்லியும் முடியவில்லை. ஏனென்றால் கேள்வி குழந்தையைப் பற்றியதே இல்லை. "கத்தோலிக்கன் என்பதால் உன் மகன் வேண்டாம்" என்று சொன்னால் பரம்பரை உரிமையை மறுத்ததாகிவிடும். "அவன் உன் மகனே இல்லை" என்றால் சட்டமும் மனசாட்சியும் இரண்டும் தப்பித்துவிடும். அந்தப் பொய் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

1701இல் மறைக்க எதுவும் இல்லாமல் சட்டமே போட்டார்கள்: கத்தோலிக்கர் யாரும் அரியணை ஏற முடியாது. அதனால் 1714இல் ஆன் இறந்தபோது, நெருங்கிய உறவினரான 50க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்களைத் தாண்டி ஜெர்மனியிலிருந்து முதலாம் ஜார்ஜ் வந்தார். அந்தச் "சட்டிக் குழந்தை"யும் அவன் மகனும் உரிமை கேட்டு நடத்திய போர்கள் 1746இல் கல்லோடன் களத்தில்தான் ஓய்ந்தன.

2013இல் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். கத்தோலிக்கரை மணப்பவர் இப்போது அரியணை ஏறலாம். கத்தோலிக்கராக இருப்பவர் இன்றும் ஏற முடியாது.