முதல் அடியிலேயே குதிகால் வலிக்கிறதா? காரணமும் சிகிச்சையும்

பாறசாலை: தமிழக எல்லையான களியக்காவிளையை அடுத்த பாறசாலை, நெய்யாற்றின்கரை சுற்றுவட்டாரக் கிராமங்களில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்கள் விடியும் முன்பே மேடுபள்ளமான தோட்டங்களில் நடக்கின்றனர். கடை ஊழியர்கள் நாள் முழுவதும் கடினமான தரையில் நிற்கின்றனர். இத்தகைய வேலை செய்வோருக்கு எளிதில் வரக்கூடியது 'பிளான்டர் ஃபேசியைடிஸ்' எனப்படும் குதிகால் வலி. வாழ்நாளில் பத்தில் ஒருவரை இது பாதிக்கிறது. 40 முதல் 60 வயதினரிடம் அதிகம்.

காலையில் ஏன் வலிக்கிறது?

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலைத் தாங்கும் தடித்த திசுப்பட்டை, தொடர் அழுத்தத்தால் நைந்துபோகிறது. உறக்கத்தில் சுருங்கியிருக்கும் அது, எழுந்து முதல் அடி வைக்கும்போது திடீரென இழுபடுவதால் சுரீரென வலிக்கிறது. உடல் பருமன், தட்டைப் பாதம், கெண்டைக்கால் தசை இறுக்கம் ஆகியவையும் காரணங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு.

என்ன செய்யலாம்?

படுக்கையை விட்டு இறங்கும் முன், ஒரு காலை மற்றொரு முழங்கால் மீது வைத்து, விரல்களைக் கணுக்காலை நோக்கி இழுத்து 10 வினாடி பிடிக்க வேண்டும். இதை 10 முறை வீதம், நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். தேய்ந்த செருப்பைத் தவிர்த்து, குதிகாலுக்கு மெத்தென்ற காலணி அணிய வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வரை வைக்கலாம். பொறுமையாகத் தொடர்ந்தால், பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சையின்றியே குணமாகும். ஸ்டீராய்டு ஊசியின் பலன் சில வாரங்களே. அடிக்கடி போட்டால் திசுப்பட்டை கிழியும் அபாயம் உண்டு.

சூடான செங்கல் வேண்டாம்

செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலை வைத்துக் குதிகாலை அழுத்துவது பழைய கைவைத்தியம். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது. தீக்காயம் ஆறாத புண்ணாகி, காலையே இழக்கும் நிலை வரலாம். அவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும்.

மரத்துப்போதல், வீக்கம், காய்ச்சல், ஓய்விலும் நீடிக்கும் வலி, அடிபட்டபின் கால் ஊன்ற முடியாமை ஆகியவை இருந்தால் தாமதிக்கக் கூடாது. பாறசாலை தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளை உடனே அணுக வேண்டும்.