பரணில் கிடைத்த பழைய வெண்கலக் கண்ணாடி: வெச்சுக்கலாமா, விற்கலாமா, வெளிநாடு கொண்டு போகலாமா?

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி இருக்கும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. வீட்டை பில்டரிடம் ஒப்படைப்பதற்கு முந்தைய வாரம்தான் பரணில் இருக்கும் மரப்பெட்டியை இறக்குவார்கள். உள்ளே பித்தளை அண்டா, வெங்கலப் பானை, கால் ஆடும் குத்துவிளக்கு. அதற்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில் பச்சை படிந்த ஒரு வட்டத் தகடு. ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் கொடியும் மிருகமுமாக வேலைப்பாடு, நடுவில் துளையுள்ள ஒரு குமிழ். "தாத்தா பர்மாவிலிருந்து கொண்டு வந்தது" என்று யாராவது சொல்வார்கள்.

மொபைலில் படம் எடுத்துத் தேடினால் 'பழங்காலச் சீன வெண்கலக் கண்ணாடி' என்று வரும். கூடவே தலை சுற்ற வைக்கும் ஏல விலைகளும் வரும். அப்புறம்தான் கேள்விகள் தொடங்கும். இது நிஜமா, போலியா? விற்றால் தப்பா? கலிஃபோர்னியாவில் இருக்கும் மகன் "எனக்குக் குடுத்துடும்மா" என்கிறான், சூட்கேஸில் போட்டு அனுப்பலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தவறான பதிலை நம்பினால் விமான நிலையத்திலேயே வழக்கு ஆகிவிடும்.

வெண்கலத்தில் முகம் தெரியுமா?

நன்றாகவே தெரியும். கண்ணாடிப் பலகையின் பின்னால் வெள்ளி பூசும் முறை 19-ம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் உலகத்தின் பெரும்பகுதி உலோகத்தைத் தேய்த்துத்தான் முகம் பார்த்தது. ரகசியம் வெள்ளீயத்தில் இருக்கிறது. செம்போடு சேரும் வெள்ளீயத்தின் அளவு கூடக் கூட உலோகம் வெள்ளையாகவும் கடினமாகவும் மாறும். கூடவே எளிதில் உடையவும் செய்யும். பழைய சீனக் கண்ணாடிகளில் வெள்ளீயம் ஏறக்குறைய கால் பங்கு, கொஞ்சம் ஈயமும் இருக்கும். நமக்குப் பக்கத்திலேயே கேரளாவின் ஆரன்முளையில் இன்றும் செய்கிறார்களே, அந்த உலோகக் கண்ணாடியில் வெள்ளீயம் மூன்றில் ஒரு பங்கு வரை போகிறது. உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆரன்முளைக் கண்ணாடிக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். கேரளாவின் வால் கண்ணாடிக்குக் கைப்பிடி இருக்கும். சீனக் கண்ணாடி பெரும்பாலும் வட்டம், கைப்பிடி கிடையாது. பின்புறக் குமிழில் பட்டுக் கயிறு கோத்துப் பிடிப்பார்கள். உலோகக் கண்ணாடியா என்று பார்க்க இன்னொரு எளிய வழி: நகத்தை மேலே வையுங்கள். சாதாரணக் கண்ணாடியில் நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். உலோகக் கண்ணாடியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சீனப் பொருள் சென்னைக்கு எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட வேண்டாம். பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் சீனக் காசுகள் புதையலாகவே கிடைத்திருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1987-ல் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான்கள் வெளிவந்தன. அதெல்லாம் சோழர், பாண்டியர் காலத்துக் கடல் வணிகம். வீட்டுப் பரணுக்கு வந்தவை பெரும்பாலும் அதற்கு ரொம்பப் பிந்தியவை. பர்மா, மலாயா, சிங்கப்பூர் போய் வந்தவர்களின் பெட்டிகளில் வந்தவை. சில 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் சில ரூபாய்க்கு வாங்கியவையாகவும் இருக்கலாம்.

அப்போ இது ஹான் காலமா?

அவசரப்பட வேண்டாம். சீனாவில் வெண்கலக் கண்ணாடி சுமார் 4,000 ஆண்டுகளாக இருக்கிறது. அதன் பொற்காலம் என்று ஹான் (கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை), டாங் (618 முதல் 907 வரை) காலங்களைச் சொல்வார்கள். ஆனால் சீனர்களே தங்கள் பழைய கண்ணாடிகளைப் பல நூற்றாண்டுகளாகப் பிரதி எடுத்து வந்திருக்கிறார்கள். சோங், மிங், சிங் காலங்களில் ஹான் பாணியில் வார்த்தவை ஏராளம். அவையும் பழையவைதான், ஆனால் ஹான் அல்ல. அதற்கு மேல் நேற்று வார்த்து, அமிலத்தில் ஊறவைத்து, பச்சை ஏற்றி விற்பவையும் இருக்கின்றன. திராட்சைக் கொடிக்கு நடுவே சிங்கங்கள் இருக்கும் டாங் கண்ணாடிதான் போலிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த டிசைன்.

விலையிலும் ஒரு மாயை இருக்கிறது. அச்சில் வார்த்ததால் ஹான் கண்ணாடிகள் ஆயிரக்கணக்கில் பிழைத்திருக்கின்றன. கோடியில் போவது வரலாறு தெளிவாகத் தெரிந்த அபூர்வமான சில மட்டும்தான். செய்தியாவதும் அவைதான்.

எந்த சோதனை கைகொடுக்கும்? கரிமக் காலக்கணிப்பு உயிர்ப்பொருளுக்குத்தான், உலோகத்தின் வயதை அது சொல்லாது. எக்ஸ்-ரே ஒளிர்வு சோதனை உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும், வயதைச் சொல்லாது. ஆனால் 'ஹான் வெண்கலம்' என்று விற்கப்படும் பொருளில் துத்தநாகம் அதிகமாக இருந்தால் அது பித்தளை, சந்தேகப்பட வேண்டியதுதான். மற்றபடி உருப்பெருக்கியில் பச்சையைப் பார்ப்பார்கள். பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த துரு உலோகத்தோடு சேர்ந்து வளர்ந்திருக்கும். பூசிய துரு பசை மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்படை 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம். 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிலை, காசு, ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் இதன்படி தொல்பொருள். கையெழுத்துச் சுவடிகளுக்கு மட்டும் 75 ஆண்டு. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இந்த விளக்கத்தில் 'இந்தியாவில் செய்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனை இல்லை. சீனக் கண்ணாடியும் 100 வயதைத் தாண்டியிருந்தால் தொல்பொருள்தான்.

பலர் பயப்படுவது போல, பழைய பொருளை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் இல்லை. சில வகைகளைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு, மரம் ஆகியவற்றில் செய்த சிற்பங்கள், ஓவியங்கள், படங்கள் உள்ள சுவடிகள் அந்தப் பட்டியலில் வருகின்றன. பூஜை அறையில் இருக்கும் 150 வருஷத்துக் கிருஷ்ண விக்ரகம் இதில் வரும். பாட்டி பால் காய்ச்சிய வெங்கலப் பானை வராது. பாவை விளக்கு, உருவங்கள் செதுக்கிய கண்ணாடி மாதிரிப் பொருட்களில்தான் குழப்பம். அங்கே நாமே முடிவு பண்ணாமல் கேட்டுவிடுவது நல்லது. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று தகராறு வந்தால், கடைசிச் சொல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநருடையது.

பதிவு செய்ய வேண்டிய பொருள் கைக்கு வந்தால் 15 நாட்களுக்குள் பதிவு அலுவலரிடம் புகைப்படங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். அப்பா பெயரிலிருந்து மகள் பெயருக்கு மாறினாலும், விற்றாலும், தெரிவிக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், இல்லை இரண்டும். பொருளும் பறிபோகலாம். நடைமுறையில் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வெள்ளிச் சொம்பு வரைக்கும் எழுதும் குடும்பங்கள், 200 வருஷத்து விக்ரகத்துக்கு ஒரு காகிதமும் இல்லாமல் இருக்கின்றன.

விற்பனை? தொல்பொருள் வியாபாரத்தைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் காகிதம் அதுதான். அடையாறில் வீடு, பெசன்ட் நகரில் 'நண்பரின் கலெக்‌ஷன்' என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிப் பொருள் விற்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அதற்கப்புறம் போனை எடுக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைத்தால் கதையே வேறு. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 'எங்க நிலம், எங்களுக்குத்தான்' என்பது செல்லாது.

சூட்கேஸில் போட்டால் என்ன ஆகும்?

தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது. மத்திய அரசும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புகளும் மட்டுமே ஏற்றுமதி செய்யலாம். பரிசு, குடும்பச் சொத்து, பூஜைப் பொருள் என்ற விலக்கெல்லாம் இல்லை. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறையோடு அபராதம். சுங்கச் சட்டம் தனி.

லண்டன் ஏலத்தில் காசு கொடுத்து வாங்கி அடையாறு வீட்டுக்கு வரவழைத்த சீனக் கண்ணாடிக்கும் இதுதான் நிலை. உள்ளே வந்துவிட்டால் திரும்ப வெளியே அனுப்புவது கிட்டத்தட்ட முடியாத காரியம். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். இன்னொரு விஷயம், டாங் காலம் வரையிலான சீனத் தொல்பொருட்களைத் தகுந்த ஆவணம் இல்லாமல் உள்ளே விடுவதில்லை என்று அமெரிக்காவும் 2009-ல் சீனாவோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஆக, மீனம்பாக்கத்தில் தப்பினாலும் சான் பிரான்சிஸ்கோவில் மாட்டலாம்.

புதிய சுவாமிமலை நடராஜரை எடுத்துப் போகிறவர்களுக்குக்கூடச் சிக்கல் வருவதுண்டு, ஏனென்றால் நல்ல பிரதி பழசு மாதிரியே இருக்கும். அதற்குத்தான் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ். இந்தியத் தொல்லியல் துறை தருகிறது. அதன் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. விமானத்துக்கு முந்தின நாள் போய் நிற்காமல், கடை ரசீதோடு சில வாரம் முன்னாலேயே போவது உத்தமம்.

ஒருவேளை கோயில் பொருளாக இருந்தால்?

இதுதான் பெரிய விஷயம். அபிஷேகம் முடிந்து சுவாமிக்குக் கண்ணாடி காட்டுவது பதினாறு உபசாரங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது. பரணில் கிடைத்த பழைய உலோகக் கண்ணாடி சீனாவிலிருந்து வந்ததாக இல்லாமல், ஊர்க் கோயிலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். விக்ரகம் என்றால் பீடத்தைப் பாருங்கள். கழி நுழைக்கும் துளைகளோ வளையங்களோ இருந்தால் அது உலா போன உற்சவர், வீட்டுப் பூஜைக்காகச் செய்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. பீடத்தில் எழுத்து இருந்தால் ஊரே தெரிந்துவிடும்.

கோயிலிலிருந்து திருடப்பட்ட பொருள் எத்தனை கை மாறினாலும், எத்தனை கோடிக்கு விற்றாலும் அது தெய்வத்தின் சொத்தாகவே இருக்கும். பத்தூர் நடராஜர் வழக்கில் லண்டன் நீதிமன்றமே கோயிலின் உரிமையை ஏற்றது, 1991-ல் சிலை திரும்பியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014-ல் சிலையைத் திருப்பிக் கொடுத்தது. அதை விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதானார். 2022 நவம்பரில் சிலைக் கடத்தல் வழக்கொன்றில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு சிறை விதித்தது.

தென் சென்னைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 2016-ல் ஆழ்வார்பேட்டை முர்ரேஸ் கேட் ரோட்டில் ஒரு கலைப்பொருள் வியாபாரியின் வீட்டில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு சோதனை நடத்தியபோது, நூற்றுக்கணக்கான கல், உலோகச் சிலைகள் கைப்பற்றப்பட்டன. ஸ்ரீபுரந்தான் மாதிரி வழக்குகளில் திருப்புமுனை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்த லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அவை. சிலை எந்தக் கோயிலில் நின்றது என்பதற்குச் சாட்சி அந்தப் படம்தான்.

பொருளைக் காப்பாற்றுவது எப்படி?

முதல் காரியம், புளி போட்டுத் தேய்க்காதீங்க. மெட்டல் பாலிஷும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, பழங்காலக் கண்ணாடிக்கு அந்தப் பச்சைதான் அடையாளமும் கவசமும். தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால் ஆய்வாளருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் எல்லாப் பச்சையும் நல்லதல்ல. வெளிறிய பச்சையில், தொட்டால் மாவாக உதிர்ந்தால் அது வெண்கல நோய். உப்பின் குளோரைடு உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும் வேதிவினை. ஈரப்பதம்தான் அதற்குத் தீனி. மயிலாப்பூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்காற்று படும் இடங்களில் இது வேகமாகப் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைப்பது முதலுதவி. வெறும் கையால் அடிக்கடி தொடக் கூடாது, வியர்வையிலும் உப்பு இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வெண்கலங்களைக் காப்பதற்காக 1930-லேயே ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அங்கே ஆதிச்சநல்லூர் வெண்கலங்களையும் சோழர் சிலைகளையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தாலே, நிஜத் துரு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பிடிபடும்.

பெட்டியில் பொருள் கிடைத்த அன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நாலா பக்கமும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, எடையைக் குறித்து, தாத்தா எந்த ஊரில் எந்த வருஷம் வாங்கினார் என்பதை வீட்டில் மூத்தவரிடம் கேட்டு தேதியோடு எழுதி வையுங்கள். பழைய கல்யாண ஆல்பத்திலோ கொலுப் படத்திலோ அந்தப் பொருள் தெரிந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். பதிவு அலுவலர் கேட்பதும் போலீஸ் கேட்பதும் அதைத்தான்.