தையலும் தறையும்: தீயணைப்புத் தோல்குழாயின் இணைப்பு வரலாறு

முன்னுரை

தடித்த தோலை இணைக்கும் வழிகளுள் முதன்மையானவை இரண்டு. துளையிட்டு மெழுகு நூலால் தைப்பது ஒன்று. துளையிட்டுத் தறையாணியால் இறுக்குவது மற்றொன்று. தறையாணி என்பது தொழிற்கூடங்களில் ரிவெட்டு என வழங்கும் ஆணியே. தையல் பழையது, தறை புதியது. ஆகவே முன்னது தேய்ந்து பின்னது வளர்ந்தது என்று கொள்வது எளிது. தீயணைப்புத் தோல்குழாயின் வரலாறு அவ்வெளிய முடிவுக்கு இடந்தருவதில்லை. தைத்த குழாய் ஏறத்தாழ 135 ஆண்டுகள் பயன்பட்ட பின்னரே தறையிட்ட குழாய் தோன்றியது. தறையாணி குழாயில் வென்ற பின்னரும் சேணமும் பாதணியும் தையலிலேயே நிலைத்தன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கருவியின் புதுமையன்று. தோற்பொருள் எவ்விடத்தில் முதலில் பழுதுபடுகிறது என்பதே என இக்கட்டுரை வாதிடுகிறது.

ஆம்ஸ்டர்டாமில் தைத்த குழாய்

ஆம்ஸ்டர்டாம் நகரக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டிப் புகழ்பெற்ற யான் வான் டெர் ஹைடன் (1637–1712) தீயணைப்புக் கருவிகளையும் சீர்திருத்தியவர். 1652இல் அந்நகரின் பழைய மன்றம் எரிந்தபோது அவருக்கு வயது பதினைந்து. அக்காலத்துத் தீயணைப்புப் பொறியின் பீச்சுமுனை பொறியோடு அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. எரியும் வீட்டின் உட்புறத்துக்கு நீர் செல்ல வழியில்லை. சுவர் சரியும் தொலைவிலேயே ஆட்கள் நிற்க வேண்டியிருந்தது. 1670களின் தொடக்கத்தில் வான் டெர் ஹைடன் தம் உடன்பிறந்தார் நிக்கோலாசுடன் சேர்ந்து பொறிக்கும் பீச்சுமுனைக்கும் இடையே வளையும் தோல்குழாயை அமைத்தார். அதன் பின்னர் ஆள் நெருப்பை நோக்கி நடக்க முடிந்தது. 1690இல் தம் மகனுடன் அவர் வெளியிட்ட நூல் பழைய பொறியையும் புதிய பொறியையும் படங்களால் ஒப்பிட்டுக் காட்டுகிறது. கருவியை விற்பதற்கான விளம்பரமாகவும் அது அமைந்தது என்பதை மறந்துவிடலாகாது.

அக்குழாய் பாதணித் தொழிலின் முறையில் தைக்கப்பட்டது. தைப்பவனின் கருவிகள் மிகச் சிலவே. சாய்சதுர முனையுடைய குத்தூசி, தோலைப் பிடித்து நிறுத்தும் மரக் கவ்வி, மெழுகும் கீலும் ஏற்றிய ஆளிநூல், நூல்நுனியில் முறுக்கிச் சேர்த்த பன்றிமயிர் அல்லது ஊசி ஆகியவையே அவை. குத்தூசி ஒரு துளையிட, ஒரே நூலின் இரு முனைகளும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து அத்துளையில் புகுந்து குறுக்கிடும். சேணத் தொழிலில் இன்றும் வழங்கும் இத்தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல் உடனே பிரிவதில்லை. குத்தூசியைச் சாய்த்துப் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. துளைகள் ஒரே கோட்டில் நீண்டு கிடந்தால் தோல் அக்கோட்டிலேயே கிழிந்துவிடும்.

சேணத்துக்கு இத்தனை வலிமை போதும். நீர்க்குழாயின் நிலை வேறு. குழாயினுள் அழுத்தம் மிகும்போது நெடுக்காகச் செல்லும் இணைப்பு, குறுக்கு இணைப்பைப் போல் இருமடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம் எனக் கொண்டால், 2¼ அங்குல விட்டமுள்ள குழாயின் நெடுக்குத் தையலில் ஒவ்வோர் அங்குலமும் ஏறத்தாழ 112 பவுண்டு இழுப்புக்கு உள்ளாகும். தட்டையான தோலைக் குழாயாக மடிக்கும்போது அந்த நெடுக்குத் தையலைத் தவிர்க்க இயலாது. நூலோ நனைந்து காய்ந்து மக்கும் பொருள். தையலை நெருக்கினால் துளைகள் பெருகித் தோல் வலுவிழக்கும். தளர்த்தினால் நீர் கசியும். தைப்பவனின் திறமையால் தீர்க்க முடியாத முரண் இது.

பிலடெல்பியாவில் தறையிட்ட குழாய்

இம்முரண் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முற்றியது. 1801இல் அந்நகரின் நீர்வழங்கு நிலையம் இயங்கத் தொடங்கியது. தெருக்களின் அடியில் மரக்குழாய்கள் வழியே நீர் ஓடியது. நீர் தெருமுனைக்கு வந்துவிட்டது. அதை எரியும் வீட்டுக்குக் கொண்டுசெல்ல மட்டும் மக்கள் இன்னமும் வரிசையில் நின்று வாளி கைமாற்றினர். 1803 டிசம்பரில் இளைஞர் சிலர் பிலடெல்பியா ஹோஸ் கம்பெனி என்னும் தன்னார்வச் சங்கத்தை அமைத்தனர். நீரைப் பீச்சுவதைவிட நீரைக் கொண்டுசேர்ப்பதையே அச்சங்கம் தன் முதற்பணியாகக் கொண்டது. அதன் வண்டி 50 அடித் துண்டுகளாக 600 அடித் தோல்குழாயைச் சுமந்தது. துண்டுகளைப் பித்தளைத் திருகுகள் இணைத்தன. குழாய் நீண்டதால் வழுவும் இடங்களும் பெருகின. 600 அடிக் குழாயில் 600 அடி நெடுக்குத் தையல்! அதில் ஓர் அங்குலம் பிரிந்தாலும் வீடு எரிந்துபோகும்.

இச்சங்கத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் செல்லர்சும் ஆபிரகாம் பென்னாக்கும் 1808ஆம் ஆண்டளவில் தையலைக் கைவிட்டுச் செப்புத் தறையாணிகளால் குழாயை இணைத்தனர். செல்லர்ஸ் குடும்பம் கம்பித் தொழிலில் பெயர்பெற்றது. தோலை அறிந்தவர்களைவிட உலோகத்தை அறிந்தவர்கள் இத்தீர்வுக்கு அண்மையில் இருந்தனர் எனக் கருத இது இடந்தருகிறது.

தறையிடும் முறை தையலினின்றும் அடிப்படையிலேயே வேறுபட்டது. தோலின் இரு விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய, இரண்டையும் ஒருங்கே துளைப்பானால் துளையிடுவர். தறையாணியைச் செருகி, மறுபுறம் வளையம் இட்டு, எஞ்சிய நுனியைச் சுத்தியால் பரப்புவர். குழாயின் உட்புறத்தில் பட்டடை வைக்க இயலாதாகையால் நீண்ட இரும்புத்தண்டின்மேல் குழாயைக் கோத்து அடிக்க வேண்டும். ஓர் அடிக்கு ஏறத்தாழ இருபது ஆணி எனின், 50 அடித் துண்டு ஒன்றுக்கே ஆயிரம் ஆணி. முற்கூறிய அழுத்தத்தில் ஓர் ஆணியின்மேல் விழும் சுமை 70 பவுண்டுக்கும் குறைவே. நூலைப் போலன்றி, ஆணியும் வளையமும் தோலின் இரு முகங்களையும் பரப்பாக அழுத்திப் பிடிப்பதால் கசிவும் குறைந்தது.

செம்பைத் தேர்ந்தது செல்வச்செழிப்பால் அன்று. மரப்பட்டையால் பதனிட்ட தோலில் துவர்ப்பொருள் உண்டு. ஈரத்தில் இரும்பு அதனோடு சேர்ந்தால் மைபோல் கறுத்து, தோலையே அரித்துவிடும். எழுதும் மை செய்யப் பயன்பட்ட வேதிவினையே இங்குத் தோலுக்குப் பகையாகிறது. செம்பு துருப்பிடிப்பதில்லை, காய்ச்சாமலே அடித்துப் பரப்பலாம். ஆணியின் விலையைவிட இக்குணங்களே தேர்வைத் தீர்மானித்தன.

தறையிட்ட குழாய்க்கும் குறை உண்டு. அது கனமானது, விறைப்பானது. ஒவ்வொரு தீவிபத்துக்குப் பின்னும் அதைக் கழுவி, நீர் வடித்து, உலர்த்தி, கொழுப்போ எண்ணெயோ பூச வேண்டும். தவறினால் தோல் வெடிக்கும். பழுது நூலிலிருந்து தோலுக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

தறையின் எல்லை

சேணத்தில் தறையாணி முழு இணைப்பாக வளரவில்லை. அங்கே தோல் மடங்க வேண்டும். விலங்கின் உடலில் உலோகம் உராயக் கூடாது. பாதணித் தொழிலில் தையல் தேய்வதற்கு மாறாக இயந்திரமாயிற்று. 1858இல் லைமன் பிளேக் பெற்ற காப்புரிமையின்படி அமைந்த பொறி, அடித்தோலை மேல்தோலோடு சங்கிலித் தையலால் இணைத்தது. கையால் பல மணிநேரம் பிடித்த வேலை விரைவில் முடிந்தது. ஆயினும் ஓரிழைச் சங்கிலித் தையல் ஓரிடத்தில் அறுந்தால் தொடர்ந்து பிரியக்கூடியது. வேகத்துக்கு ஈடாக இழந்தது இதுவே.

ரீனோ நகரில் குதிரைப் போர்வைகளுக்குத் தறையாணி அடித்துவந்த தையற்காரர் ஜேக்கப் டேவிஸ், அதே ஆணியை உழைப்பாளர் காற்சட்டையின் பை முனைகளில் பொருத்தினார். லெவி ஸ்ட்ராசுடன் இணைந்து 1873 மே 20இல் காப்புரிமை பெற்றார். இங்கே தறை தையலை அகற்றவில்லை. இழுப்பு ஒருமுகப்படும் தையலின் முடிவிடத்தை மட்டும் அது காத்தது.

தீயணைப்புக் குழாயின் சிக்கல் இணைப்பையே நீக்கியதால் தீர்ந்தது. வட்டமாக நெய்த பருத்தியும் ரப்பரும் சேர்ந்த குழாய்க்கு நெடுக்குத் தையல் தேவையில்லை. 1870இல் ஆக்ரன் நகரில் தொடங்கிய குட்ரிச் நிறுவனத்தின் தொடக்கக்காலப் பொருள்களுள் தீயணைப்புக் குழாய் முதன்மையானது.

தமிழகத்துக் கவலை: ஓர் ஒப்பீடு

நீரைச் சுமக்கும் தோல் தமிழக உழவர்க்குப் புதிதன்று. கிணற்றிலிருந்து எருதுகள் இழுக்கும் கவலையில் சாலின் அடியில் தோலாலான வால் பொருத்தப்பட்டிருக்கும். சால் மேலேறியதும் வால் வழியே நீர் வாய்க்காலில் கொட்டும். அந்த வால் திறந்த குழாய்; நீரின் எடையன்றி உள்ளழுத்தம் அதற்கில்லை. ஆகவே இங்கே முதலில் பழுதுபட்டது இணைப்பன்று. நாள்தோறும் நனைந்து காயும் தோலே மக்கியது.

சென்னைக் கலைப்பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த ஆல்பிரெட் சாட்டர்டன் இதை உணர்ந்தார். சென்னை மாகாணத்தின் தோல் தொழில் பற்றி 1904இல் அறிக்கை வெளியிட்ட அவர், குரோம் உப்பால் பதனிட்ட தோலைக் கவலைக்கு ஏற்றதாக்கும் சோதனைகளை நடத்தினார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைவிடக் குரோம் தோல் நீரில் நெடுநாள் தாங்கியது. பிலடெல்பியாவில் தோலை மாற்றாமல் இணைப்பை மாற்றினர். சென்னையில் இணைப்பை விட்டுத் தோலை மாற்றினர். அதே ஆண்டுகளில் எண்ணெய் எந்திரத்தால் கிணற்றுநீர் இறைக்கும் முறையை மாகாணத்தில் பரப்ப முன்னின்றவரும் சாட்டர்டனே. பின்னாளில் கவலையை வழக்கொழியச் செய்தவை அவ்வகை நீரிறைப்பு எந்திரங்கள்.