புரோபலின் பாலர் தோட்டமும் பிரசியத் தடையும்

பிரெடரிக் புரோபல் ஜேர்மனியின் பிளாங்கன்பேர்க்கில் 1837 ஆம் ஆண்டு ஆரம்பித்த நிறுவனத்துக்கு 1840 இல் 'கிண்டர்கார்டின்' எனப் பெயரிட்டார். 'சிறுவர் தோட்டம்' எனப் பொருள்படும் அப்பெயரை உவமையாக மாத்திரம் கொள்வோர் பலர். இளமையில் வனத்தொழில் பயின்று, பின்னர் பெஸ்டலோசியிடம் கற்று, பேர்லினில் பளிங்குருக்களை ஆராய்ந்த புரோபலுக்கோ தோட்டம் மெய்யான மண்ணாகவே இருந்தது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி உரியது. அவற்றைச் சூழப் பொதுப் பாத்திகள் அமைந்தன. முழுமையின் காப்பில் உறுப்பு வளர்தல் வேண்டும் என்னும் அவரது தத்துவம் நிலத்திலேயே வரையப்பட்டது எனலாம். பொதுப் பாத்தியைப் பிள்ளைகள் கூடிப் பேணினர். தன் பாத்தியிலோ பிள்ளை விரும்பியதை விரும்பியவாறு நடலாம். பராமரிப்பிற் பிழைத்தால் அதன் விளைவைச் செடியே காட்டும். ஆசிரியர் கண்டிக்கவேண்டிய அவசியமில்லை. அக்காலப் பள்ளியொழுக்கத்தோடு ஒப்பிடின் இது துணிச்சலான ஏற்பாடே.

அரசு இதனை ஐயத்தோடு நோக்கியது. 1848 ஆம் ஆண்டுப் புரட்சி தோல்வியுற்றபின், 1851 ஆகஸ்டில் பிரசிய அமைச்சர் வொன் றவுமர் இந்நிறுவனங்களைத் தடைசெய்தார். நாத்திகமும் சமவுடைமையும் குற்றச்சாட்டுக்கள். புரோபலின் கருத்துக்கள் அவருடைய சகோதரரின் மகனான கார்ல் புரோபலின் எழுத்துக்களோடு குழப்பிக்கொள்ளப்பட்டன. மறுப்புப் பயனளிக்கவில்லை. 1852 இல் புரோபல் காலமானார். தடை 1860 இலேயே நீங்கியது.

இதற்கிடையில் ஜேர்மனியரான மாணாக்கியர் அம்முறையை இலண்டனுக்கும், 1856 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்கும் கொண்டுசென்றனர். ஆயினும் நகரங்களிலே நிலம் அரிது. அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களே வகுப்பறைகளில் நிலைத்தன, பாத்திகள் மெல்ல மறைந்தன. தமிழில் வழங்கும் 'பாலர் வகுப்பு' என்னும் தொடரிலும் தோட்டம் இல்லை.