காசநோயின் பருவகாலப் போக்கு: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி

ஓராண்டுக்குள் காசநோயாளிகளின் எண்ணிக்கை சில மாதங்களில் ஏறுவதும் சில மாதங்களில் இறங்குவதும் காசநோயின் பருவகாலப் போக்கு எனப்படும். குளிர் மிகுந்த நாடுகளிலும் வட இந்தியாவிலும் இது தெளிவாகத் தெரிகிறது. குளிர்காலம் மிதமான திருவள்ளூர் மாவட்டத்திலோ, வானிலையைவிட வேலைக்காலத்தையும் தொழிலாளர் இடப்பெயர்வையும் கவனிப்பது முக்கியம்.

இந்திய அளவில்

திருத்தியமைக்கப்பட்ட தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் 1996–2001 பதிவுகளை ஆராய்ந்த லார்னா தார்ப் குழுவினரின் கட்டுரை 2004இல் லான்செட் இதழில் வெளிவந்தது. வட இந்தியாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை நோயாளிகள் கூடினர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறைந்தனர். மத்திய, தென் இந்தியாவில் அத்தகைய ஏற்ற இறக்கம் காணப்படவில்லை.

காரணங்கள்

குளிருக்குக் கதவு, சன்னலை அடைத்துப் பலர் ஒரே அறையில் இருக்கும்போது கிருமி எளிதில் பரவுகிறது. வெயில் குறைந்தால் உடலில் வைட்டமின் டி குறைகிறது; சளிக்காய்ச்சல்களும் எதிர்ப்பாற்றலைத் தளர்த்தலாம். ஆனால் தொற்று நோயாக மாறச் சில வாரங்களும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். இருமல் தொடங்கிய பிறகும் பரிசோதனைக்கு வரக் காலதாமதமாகிறது. ஆகவே குளிர்காலத்தில் பரவிய தொற்று கோடையில் பதிவாகலாம்; நோய் பதிவான மாதத்தைத் தொற்றிய மாதமாகக் கொள்ள முடியாது.

திருவள்ளூரில் நடந்த ஆய்வுகள்

உலகக் காசநோய் ஆராய்ச்சியில் திருவள்ளூருக்குப் பெரிய இடமுண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தை மையமாகக் கொண்டு 1968இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வில் சுமார் 3.6 லட்சம் பேர் பதிவு செய்யப்பட்டனர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதை 15 ஆண்டுத் தொடர் கண்காணிப்பு காட்டியது. 1999 முதல், சென்னையில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) மாவட்டத்தின் கிராமப்புறங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. மருந்தை ஊழியர் முன்னிலையில் உட்கொள்ளச் செய்யும் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை வந்த முதல் சில ஆண்டுகளில் நோயின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பின்னர் வந்த கணக்கெடுப்பில் மீண்டும் உயர்ந்தது.

வேலைக்காலமும் இடப்பெயர்வும்

இம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் உள்ள சிப்காட் தொழில் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் பல உள்ளன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தோர் இங்கு வேலை செய்கின்றனர். பலர் சேர்ந்து தங்கும் காற்றோட்டமற்ற அறை, சத்தான உணவின்மை, வார்ப்பு வேலையில் எழும் சிலிக்காத் தூசு ஆகியவை எல்லா மாதங்களிலும் நீடிக்கும் ஆபத்துகள். சிலிக்காத் தூசில் வேலை செய்வோரை முறையாகப் பரிசோதிக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கோ காலக்கணக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் நிற்கும் வேலை, பொங்கலை ஒட்டிச் சூடுபிடித்து ஜூன் வரை நடக்கிறது. தீபாவளி, சத் பூசை, ஹோலி நாட்களில் ஆலைத் தொழிலாளர்களும் ஊர் திரும்புகின்றனர். இங்கே இருமத் தொடங்கியவர் அங்கே பதிவாகலாம். அதனால் இங்குள்ள பதிவேடு குறைவது நோய் குறைந்ததற்குச் சான்றாகாது.

பதிவுகளைப் படிக்கும் முறை

தேடல் முகாம்கள் நடக்கும் மாதங்களில் எண்ணிக்கை உயர்கிறது. 2024 டிசம்பர் 7 அன்று தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கம் இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு. மாறாக, 2019இல் சுமார் 24 லட்சமாக இருந்த இந்தியப் பதிவுகள், கொரோனாப் பொதுமுடக்கம் நிகழ்ந்த 2020இல் சுமார் 18 லட்சமாக வீழ்ந்தன. அவ்வாண்டு நோய் குறையவில்லை, நோயாளிகள் கண்டறியப்படவில்லை. ஆகவே ஒரு மாதத்தின் எண்ணிக்கையை எத்தனை பேருக்குச் சளிப் பரிசோதனை நடந்தது என்பதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

சிகிச்சையில் பயன்

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை தேவை. பிப்ரவரியில் நோய் கண்டறியப்பட்ட சூளைத் தொழிலாளி, மாத்திரைகளை முடிக்கும் முன்பே ஜூனில் ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். காசநோயாளிகளுக்கான அரசு இணையத்தளமான நிக்ஷயின் பதிவு எண் வழியே சிகிச்சையைச் சொந்த மாவட்டத்துக்கு மாற்றலாம்; அந்த மாற்றம் புறப்படும் முன்பே நடந்தாக வேண்டும். சூளை தொடங்கும்போதும், ஆலைக்குப் புதிய ஆட்கள் வரும்போதும் பரிசோதனை, ஊர் திரும்பும் முன் மருந்தும் மாற்றுச் சீட்டும் என்று வேலைக்காலத்தை ஒட்டித் திட்டமிடுவதே திருவள்ளூருக்குப் பொருந்தும் வழி.