நூறு மார்க்கும் முதல் செமஸ்டரும்

மே, ஜூன் மாதங்களில் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு சந்தித்துக்கொண்டால் பேச்சு இரண்டு விஷயத்தைத் தாண்டாது. ஒன்று வெயில். இன்னொன்று, "உங்க பொண்ணு எவ்வளவு? எந்தக் காலேஜ் கிடைக்கும்?" கிடைத்த காலேஜில் போய் உட்கார்ந்தால் பாடம் புரியுமா, ஆங்கிலத்தில் மூன்று பக்கம் சொந்தமாக எழுத வருமா, கணக்கில் அடுத்த படி ஏற முடியுமா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால், கல்யாண வீட்டில் தும்மியவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. தகுதி, ஆயத்தம். தகுதி ஆளோடு ஒட்டிக்கொண்ட சமாசாரம். இருக்கிறது அல்லது இல்லை. ஆயத்தம் அப்படியல்ல. இன்று ஆயத்தமாக இல்லாத பையன், யாராவது கை கொடுத்தால் ஆறு மாதத்தில் ஆயத்தமாகிவிடலாம். தில்லிப் பல்கலைக்கழகத்தின் நூறு வருடச் சரித்திரத்தைப் புரட்டினால் தகுதியை அளக்க எத்தனையோ ஏற்பாடுகள் தென்படுகின்றன. ஆயத்தத்தை அளக்க எடுத்த முயற்சிகள் கொஞ்சம்தான். அவையும் அரைகுறை.

கதை தில்லியில் தொடங்கவில்லை. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பல்கலைக்கழகங்களும் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து உண்டாக்கப்பட்டன. பாடம் நடத்துவது கல்லூரி, பரீட்சை வைப்பது பல்கலைக்கழகம் என்பது ஏற்பாடு. பள்ளி முடிக்கிற பையன் எழுத வேண்டியது மெட்ரிகுலேஷன். அது கல்லூரிக்கு மட்டும் வாசல் அல்ல, சர்க்கார் குமாஸ்தா நாற்காலிக்கும் அதுதான் வாசல். "இவன் மேலே படிக்கத் தயாரா?" என்ற கேள்வியும் "இவனுக்கு வேலை கொடுக்கலாமா?" என்ற கேள்வியும் ஒரே விடைத்தாளில் மாட்டிக்கொண்டன. அந்தச் சிக்கல் இன்றும் அவிழவில்லை என்பது என் எண்ணம்.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர் லீட்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மைக்கேல் சாட்லர். அசுதோஷ் முகர்ஜி ஓர் உறுப்பினர். 1919-ல் வந்த அறிக்கை சொன்னதன் சாரம்: மெட்ரிகுலேஷன் தேறி வருகிறவர்கள் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயாராக இல்லை, இன்டர்மீடியட் இரண்டு வருடத்தில் நடப்பது உண்மையில் பள்ளிக்கூட வேலை. அதனால் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே உள்ள கோட்டை இன்டர்மீடியட்டுக்கு அப்பால் தள்ளுங்கள், பட்டப்படிப்பை மூன்று வருடம் ஆக்குங்கள் என்றார்கள். பையனைக் குறை சொல்லாமல் அவனுக்குக் கூடுதல் காலம் கேட்ட அறிக்கை அது. கேட்டது கல்கத்தாவுக்காக, ஆனால் தைரியமாகச் செய்து பார்த்தது தில்லி.

தில்லிப் பல்கலைக்கழகம் 1922-ல் மூன்றே கல்லூரிகளோடு ஆரம்பித்தது. செயின்ட் ஸ்டீஃபன்ஸ், ஹிந்து, ராம்ஜஸ். 1938-ல் துணைவேந்தராக வந்த சர் மாரிஸ் குவையர் அப்போது ஃபெடரல் கோர்ட்டின் தலைமை நீதிபதி. (மிராண்டா ஹவுஸை 1948-ல் நிறுவியவரும் இவர்தான்.) 1943-ல் இங்கே மூன்று வருடப் பட்டப்படிப்பு வந்தது. இன்டர்மீடியட்டை நடுவில் வெட்டி ஒரு வருடத்தைப் பள்ளிக்கும் இன்னொரு வருடத்தைக் கல்லூரிக்கும் பங்கு போட்டுவிட்டார்கள். தில்லிப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு முளைத்தது இப்படித்தான்.

பிறகு 1952-53-ல் நாடு முழுவதற்கும் இதைப் போன்ற ஒரு யோசனை வந்தது. சொன்னது நம் ஊர்க்காரர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நீண்ட காலத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு. பள்ளி பதினோரு வருடம், பட்டம் மூன்று வருடம். சாதாரண ஹைஸ்கூலிலிருந்து வருகிறவர்களுக்குக் கல்லூரியில் ஒரு வருடம் முன்தயாரிப்பு. அந்த ஒரு வருடம்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பி.யு.சி.

ஆயத்தத்துக்காகவே ஒரு முழு வருடம் ஒதுக்கிய ஏற்பாடு அது. காகிதத்தில் பிரமாதம். நடந்தது என்ன? எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழில் பூகோளமும் அல்ஜீப்ராவும் படித்த பையன் ஜூன் மாதம் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லாம் ஆங்கிலம். முக்கோணம் ட்ரையாங்கிள் ஆகிவிட்டது, அமிலம் ஆசிட் ஆகிவிட்டது. கைதூக்கிவிட வந்த வருடம் வடிகட்டுகிற வருடமாக மாறிப்போனது. 'பி.யு.சி. ஃபெயில்' என்பது ஒரு தலைமுறைக்கே பட்டப்பெயர். அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் கற்றுக்கொண்டு ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்து இங்கே வந்து சேர்ந்தார்கள். கரோல்பாக்கிலும் சரோஜினி நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் நாம் கேட்ட ஆங்கிலம் கல்லூரியில் வந்ததல்ல. ஆபீஸ் டிராஃப்ட் அடித்து அடித்து வந்தது. முட்டாள்களா அவர்கள்? கணக்கில் புலிகளைப் பார்த்திருக்கிறேன். ஆயத்தம் போதாததற்குத் தகுதியில்லை என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கோத்தாரி குழுவின் (1964-66) சிபாரிசுப்படி பத்து கூட்டல் இரண்டு வந்தது. சி.பி.எஸ்.இ.யின் முதல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு 1979-ல். தமிழ்நாட்டில் 1978-ல் ப்ளஸ் டூ தொடங்கியது, பி.யு.சி. மறைந்தது. சாட்லர் கேட்ட கோடு ஒருவழியாக வந்துவிட்டது என்று நினைக்கலாம். ஆனால் அந்த இரண்டு வருடம் ஆயத்தத்துக்குப் போகவில்லை, மார்க்குக்குப் போய்விட்டது.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். எத்தனையோ தனியார் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஓடியது. 200-க்கு 200 வாங்கியவர்கள் பொறியியல் கல்லூரிக்குப் போய் முதல் செமஸ்டர் கணக்கில் விழுந்தார்கள். 'எம்-1 அரியர்' என்றால் சிரிக்காத பொறியாளர் நம் ஊரில் உண்டா? இதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது.

தில்லியில் கூத்து வேறு விதம். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்து ஒவ்வொரு கல்லூரியும் கட்-ஆஃப் போடும். 2011-ல் ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி, பள்ளியில் காமர்ஸ் படிக்காதவர்களுக்கு பி.காம். ஆனர்ஸ் கட்-ஆஃப் 100 சதவீதம் என்று அறிவித்தது. நாடே சிரித்தது, கல்வி மந்திரி வருத்தப்பட்டார். அடுத்த பத்து வருடத்தில் சிரிப்பு நின்று பழகிவிட்டது. 2021-ல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. 10, 11, 12 வகுப்பு மதிப்பெண்களை 30:30:40 என்று கலந்து சி.பி.எஸ்.இ. ரிசல்ட் போட்டது. தேர்ச்சி 99.37 சதவீதம். 95-க்கு மேல் வாங்கியவர்கள் சுமார் 70,000 பேர். தில்லிப் பல்கலைக்கழகத்தின் மொத்த இளநிலை இடங்களும் ஏறக்குறைய அவ்வளவுதான்! அந்த வருடம் பல கல்லூரிகளில் 100 சதவீதக் கட்-ஆஃப். எல்லாருடைய உயரமும் ஆறடி என்று காட்டுகிற அளவுகோலை வைத்துக்கொண்டு சட்டை தைக்க முடியாது.

ஆகவே 2022-ல் க்யூயெட் என்ற பொது நுழைவுத் தேர்வு. அந்த ஏப்ரலிலேயே தமிழகச் சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 1984-ல் வந்த நுழைவுத் தேர்வைப் பல வருடம் போராடி, 2006-ல் சட்டம் கொண்டுவந்து ஒழித்த மாநிலம் வேறென்ன செய்யும்? கோச்சிங் சென்டர் கொழிக்கும், கிராமத்துப் பிள்ளை பின்தங்கும் என்ற வாதம் இரண்டு முறையும் ஒன்றுதான், இரண்டு முறையும் அதில் நியாயம் உண்டு. ஆனால் போர்டு மார்க் ரொம்ப யோக்கியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எம்-1 அரியர் சாட்சி.

என் மனத்தாங்கல் வேறு. க்யூயெட் ஆங்கிலத் தாளைப் பாருங்கள். பத்தியைப் படித்து விடை தேர்ந்தெடு, எதிர்ச்சொல் தேர்ந்தெடு, கலைத்துப் போட்ட வாக்கியத்தை வரிசைப்படுத்து. சரியென்றால் 5, தப்பென்றால் கழித்தல் 1. ஒரு வரிகூட எழுத வேண்டாம். கணக்கும் அப்படியே. நான்கு விடையில் ஒன்றைத் தொடு. பி.எஸ்சி. கணித ஆனர்ஸ் முதல் வருடத்தில் கேட்பது அதுவா? ஒரு தொடர்வரிசை ஓர் எல்லையை நெருங்குகிறது என்பதை வார்த்தை வார்த்தையாக நிறுவு என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் 99 வாங்கியவன், முதல் மாதம் அம்மாவிடம் சொன்னது: "விடை தெரியும்மா, ஏன்னு எழுதச் சொல்றாங்க."

ஆயத்தத்தை அளக்கத் தில்லியில் முயற்சியே இல்லையா என்றால், இருந்தது. பி.ஏ. ப்ரோகிராம் மாணவர்களுக்குப் பல வருடங்கள் ஆங்கிலத்தில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. பன்னிரண்டு வரை ஆங்கிலம் படித்தவருக்கு ஏ, பத்து வரை படித்தவருக்கு பி, எட்டோடு நிறுத்தியவருக்கு சி. யாரையும் வெளியே அனுப்பாமல் எங்கே நிற்கிறாயோ அங்கிருந்து ஆரம்பி என்று சொன்ன ஏற்பாடு. ஆனால் அளந்தது என்ன? எந்த வகுப்பு வரை படித்தாய் என்பதை. எவ்வளவு வரும் என்பதை அல்ல. கைடு பார்த்து எஸ்ஸே மனப்பாடம் செய்து ப்ளஸ் டூ தேறி மதுரையிலிருந்து வந்த பிள்ளையும் ஏ பிரிவு, வீட்டிலேயே ஆங்கிலம் பேசும் தெற்கு தில்லிப் பிள்ளையும் ஏ பிரிவு.

இன்னொரு முயற்சி 2013-ல். துணைவேந்தர் தினேஷ் சிங் கணித அறிஞர். நான்கு வருடப் படிப்பு கொண்டுவந்து, எல்லோருக்கும் பதினோரு அடித்தளப் பாடங்கள் வைத்தார்கள். கணிதத் திறனுக்கு ஒரு பாடம், மொழிக்கும் பாடம். யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இயற்பியல் ஆனர்ஸ் படிப்பவளுக்கும், பத்தாம் வகுப்போடு கணக்குக்கு முழுக்குப் போட்ட சரித்திர மாணவனுக்கும் அதே பாடம், அதே புத்தகம். ஒருத்தி கொட்டாவி விட்டாள், ஒருவன் முழித்தான். எதிர்ப்பு வலுத்தது, யு.ஜி.சி. தலையிட்டது, 2014 ஜூனில் மொத்தமாகச் சுருட்டி வைத்துவிட்டார்கள். ஏ, பி, சி பிரிவிலாவது கேள்வி ஒன்று இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது வேறு உருவத்தில் தெரியும். அங்கே கம்யூனிட்டி காலேஜில் சேர்வதற்குத் தடையில்லை. சேர்ந்தபின் ஆங்கிலத்துக்கும் கணக்கிற்கும் ஒரு தேர்வு வைத்து, குறைந்தால் அடிப்படை வகுப்பில் போடுவார்கள். ஆஹா, இதுதானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒரே நாள் தேர்வை நம்பி, நேராக மேல் வகுப்புக்குப் போயிருக்கக் கூடியவர்களையும் அடிப்படை வகுப்பில் தள்ளியிருக்கிறார்கள் என்று பிறகு தெரியவந்தது. கிரெடிட் கிடைக்காத அந்த வகுப்புகளிலேயே அலுத்துப் பலர் படிப்பை விட்டார்கள். கலிஃபோர்னியா 2017-ல் சட்டம் போட்டு, பள்ளி மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டும் என்று மாற்றியது. நல்லெண்ணத்தோடு வைத்த தேர்வும் நம் பி.யு.சி. போல வடிகட்டியாகிவிடும் போலிருக்கிறது.

தில்லியில் 2022-லேயே பாடத்திட்டமும் மாறியது. மறுபடி நான்கு வருட வாய்ப்பு. மொழித் திறனுக்கான கட்டாயப் பாடம் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளுக்கு என்றானது. ஆங்கில ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். தமிழ் அட்டவணையில் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் மதுரைப் பிள்ளைக்குத் தமிழில் உதவி தேவையில்லையே.

ஆகவே அளக்கிற வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. நாற்பது மாக் டெஸ்ட் எழுத வைக்கிற பெற்றோரிடம் நான் இரண்டு காரியம் சொல்வதுண்டு. அன்றைய பேப்பரில் ஒரு தலையங்கத்தைக் கொடுத்து, கட்டுரையாளர் சொல்வது ஏன் தப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். செல்ஃபோன் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிறகு ரூட் 2 ஒரு விகிதமுறா எண் என்று நிறுவச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே அது இருக்கிறது.